ஒருத்தர் மட்டும்

கல்யாண மேடையில் அந்தப் போட்டோக்காரர் குரல் உயர்ந்து நான் கேட்டது இரண்டே வார்த்தைகளுக்குத்தான். "ஒருத்தர் மட்டும்!"

ஏறுகிறவராக இருந்தாலும் இறங்குகிறவராக இருந்தாலும் அதே கட்டளை. தாய்மாமன் முழுசாக இறங்கி முடிக்கும் வரை அத்தை படியில் கால் வைக்கக் கூடாது. எங்கள் மலையில் யாருக்கும் இது பழக்கமில்லை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம் இறங்கும்போதே அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் ஏறிவிடும். கொட்டச்சேட்டுக் கல்யாணத்தில் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். "ஏனுங்க, நாங்க என்ன ரேசன் கடையிலயா நிக்கிறோம்?" போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க ஐயா. ரெண்டு பேரு ஒரே நேரத்துல மாறுனா, நடுவுல படத்துல யாரு இருக்காங்கன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அன்வர் அதைத் தினமும் போதுமான அளவு சொல்லிவிட்டான்.

அன்வரும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போதும் ஒரே பெஞ்சுதான். ஏரிக்குப் போகும் சாலையில் அவனுடைய மிளகு, காப்பித்தூள் கடைக்கு முன்னால் கிடக்கும் சில்வர் ஓக் பலகை அது. நான் எஸ்டேட் ரைட்டர். கூலிக்கணக்கும் மழைக்கணக்கும் எழுதுவது பிழைப்பு. பிழைப்புக்கு வெளியே, இந்த மலையில் என்றைக்கு என்ன நடந்தது என்று குறித்துவைப்பது என் பழக்கம். காப்பியைப் பூக்கவைக்கும் முதல் பூமழை என்று பெய்தது, எந்த வருஷம் கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்று எல்லோரும் நடந்தே மேலே வந்தார்கள், கோடை விழாவின்போது ஆலங்கட்டி விழுந்தது எந்தக் கிழமை, எல்லாம் என்னிடம் உண்டு. காலையில் நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அன்வர் டீ டம்ளரை நீட்டிக் கேட்பான்: "ஏப்பா, இன்னைக்கு என்ன நாளு?"

இதே தேதியில் முன்பு நடந்த ஏதாவது ஒன்றை நான் சொல்வேன். அவன் சிரிப்பான், அல்லது உச்சுக் கொட்டுவான். அப்புறம் கடை திறப்பான். எங்கள் சிநேகம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும். வெளியார் யாராவது கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில்தான் எல்லாம் இருந்தது.

போட்டோக்காரர் ஒரு தை மாதம், காப்பிப் பழப் பறிப்பு நடந்துகொண்டிருக்கும்போது வந்தார். எங்களைவிடப் பத்து வயதாவது இளையவர். கோபிப் பக்கம் ஊர். அன்வர் கடைக்கு அடுத்த கடையை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ போட்டார். சாமான்களை ஒரே வண்டியில் ஏற்றிவராமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஒரு நாள் ஸ்டூல். மறுநாள் திரை. அதற்கு மறுநாள் விளக்கு. "லாரி கெடைக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும்ங்க. ஆனா ஒண்ண வெச்சுப் பாத்தாத்தான், அது வந்ததுனால ரூம்புக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். எல்லாத்தையும் ஒண்ணா எறக்குனா, நல்லா இருந்தாலும் எதுனாலன்னு தெரியாது, கெட்டுப்போனாலும் எதுனாலன்னு தெரியாதுங்க."

டீயிலும் அப்படித்தான். முதல் வாரம் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். அடுத்த வாரம்தான் டிகாக்‌ஷனைக் கூட்டச் சொன்னார். அன்வருக்கு இது நொம்பப் பிடித்துப்போயிற்று. "ஆளு தராசு மாதிரிப்பா" என்றான். என்னை அவன் தராசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. மழையை மில்லிமீட்டரில் அளக்கிறவன் நான்.

அன்வரை அவர் முதலில் "பாய்" என்றார். சீக்கிரமே அது "ங்ணா" ஆகிவிட்டது. நான் கடைசி வரை "ரைட்டர் சார்".

அவர் ஸ்டூடியோவில் நான்கு விளக்குகள், சுவரில் வரிசையாக நான்கு ஸ்விட்ச். ஒரு முகத்துக்கு எந்த வெளிச்சம் பொருந்தும் என்று பார்க்க, நான்கையும் எரித்தும் அணைத்தும் வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப்பார்ப்பார். மொத்தம் பதினாறு. எதுவும் விட்டுப்போகாமலும் இரண்டாம் முறை வராமலும் பதினாறையும் முடிக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஸ்விட்சை மட்டும் தட்டி. இதை அன்வர்தான் என்னிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். பட்டியல் போடுவது என் வேலை அல்லவா? இது பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன். கணக்கு எழுதுகிற சாதாரண வரிசையிலேயே எழுதிப்போனேன். பாதியில் ஓரிடத்தில் எரிகிற மூன்றை அணைத்து, அணைந்திருக்கும் நான்காவதை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் நான்கு ஸ்விட்ச். எனக்கு இருப்பது இரண்டு கை.

தாளை அவர் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஒரு கண்ணாடி இருந்தாப் போதும்ங்க ரைட்டர் சார்" என்று தாளைத் திருப்பி எழுதினார். "ஒரே வெளக்குன்னா என்ன? அணைச்சது, எரியறது. அவ்வளவுதான். இப்ப அதுக்குக் கீழ கண்ணாடிய வெச்ச மாதிரி தலைகீழா எழுதுங்க. எரியறது, அணைச்சது. மேல்பாதிக்கு ரெண்டாவது வெளக்கு அணைஞ்சிருக்கட்டும், கீழ்ப்பாதிக்கு எரியட்டும். நாலு ஆச்சுங்களா? அந்த நாலுக்கும் கண்ணாடி வெச்சு, மூணாவது வெளக்கச் சேத்துங்க. எட்டு. மறுபடியும் கண்ணாடி. பதினாறு."

சரிபார்த்தேன். எந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரே ஒரு விளக்குதான் வித்தியாசம். கண்ணாடி வைத்த இடத்திலும் அப்படியே. ஏனென்றால் அங்கே மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றேதான், புதிதாகச் சேர்த்த விளக்கைத் தவிர. கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பவும் ஒரே தட்டுதான். எரிவதை ஒன்று, அணைந்ததைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டால் கம்ப்யூட்டர்காரர்களும் இதையே செய்வார்களாம். பாலிடெக்னிக்கில் படித்தாராம். "நாலு சுவிச்ச ஒண்ணாத் தட்டுனா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். நடுவுல நீங்க நினைக்காத வெளிச்சம் ஒண்ணு வந்து போகும். அந்நேரம் பாத்து ஷட்டர் விழுந்தா?"

அழகான விஷயம். அன்று இரவு சாப்பிட முடியவில்லை. எத்தனையோ வருஷமாக நாட்களை வரிசைப்படுத்துகிறேன். இப்படி ஒரு வரிசை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதைவிட, அதை அன்வர் அவர் வாயால் முதலில் கேட்டுவிட்டானே என்பதுதான் வயிற்றில் நின்றது.

செம்மநத்தத்துக் கல்யாணம் ஒன்று. பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன்கள். வரப்பில் நின்ற மிளகுக்கொடி யாருடையது என்ற வழக்கில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லாமல் போயிருந்தது. ஒருவர் மேடையில் இருந்தால் மற்றவர் மேடைப் பக்கமே வர மாட்டார். நானும் பந்தலில் இருந்தேன். போட்டோக்காரர் முதலில் பெண்ணோடு பெரிய மாமனை நிறுத்தி எடுத்தார். "ஒருத்தர் மட்டும்" என்றார். பெண்ணின் அம்மா, அந்த இருவருக்கும் அக்கா, ஏறி நின்றார். எடுத்தார். மறுபடி "ஒருத்தர் மட்டும்" என்று சின்ன மாமனைப் பார்த்தார். அக்கா நடுவில் நிற்கிறார். ஏறாவிட்டால் அக்காவுக்கு அவமானம். ஏறினார். எடுத்தார். அப்புறம் சாதாரணமாக, "அக்கா, நீங்க மட்டும் எறங்கி அந்தக் குத்துவெளக்கக் கொஞ்சம் ஓரமா நகத்துங்க" என்றார். அக்கா இறங்கினார். மேடையில் பெண்ணும் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். சத்தமில்லாமல் அதையும் எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் சின்ன மாமன் ஸ்டூடியோவுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த ஒரு படத்தில் மட்டும் ஒரு பிரதி கேட்டார் என்று அன்வர் கண் கலங்கச் சொன்னான். எனக்குக் கண் கலங்கவில்லை. பயமாக இருந்தது. ஒவ்வோர் அடியும் சின்ன அடி, யாரும் மறுக்க முடியாத அடி. ஆனால் நாலு அடி தள்ளிப் பார்த்தால் நீங்கள் எங்கே நிற்கக் கூடாது என்று இருந்தீர்களோ அங்கே நிற்கிறீர்கள்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. பெஞ்சில் நானும் அன்வரும் இருந்தோம். ஒருவர் வந்து சேர்ந்தார். மூன்று பேர் உட்கார்ந்தாலும் பெஞ்சில் ஒன்றும் நெருக்கடி இல்லை. பிறகு பழப் பறிப்பு மும்முரத்தில் நான் சில நாள் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது டீ டம்ளர் நீண்டது. கேள்வி வரவில்லை. அன்வர் அவர் பக்கம் திரும்பி, ஏரியில் மேகம் இறங்கும்போது ஷட்டரை எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சொல்ல நல்ல தேதி ஒன்று வைத்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். யாரும் யாரையும் விலக்கவில்லை. ஒருவர் கூடினார், அப்புறம் ஒருவர் குறைந்தார். அவ்வளவுதான்.

கடைக்கு வெள்ளையடிக்கும் முன், பழைய சுவரோடு ஒரு படம் வேண்டும் என்று அன்வர் ஆசைப்பட்டான். "நாம மூணு பேரும் பெஞ்சுல." போட்டோக்காரர், "ஒண்ணு எதுக்குங்ணா, எட்டும் எடுத்துப் போடலாம்" என்றார். மூன்று பேர் என்றால் எட்டுச் சேர்க்கை. யாருமில்லாதது ஒன்று. கடைசியில் எட்டும் வரிசையாகச் சுவரில். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் ஒரே ஆள் வித்தியாசம். மற்றபடி பெஞ்சு, சுவர், சட்டை எதுவும் மாறக் கூடாது. அன்வர் குழந்தை மாதிரி குதித்தான்.

ஒரு புதன்கிழமை காலை. ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறியிருந்தது, நிழலே விழாத வெளிச்சம். காலி பெஞ்சுதான் முதல் படம். எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. "எடுங்க, நல்லாத்தான் இருக்குது" என்றான் அன்வர். "காலின்னா காலிதானுங்ணா" என்று, அது தானாகப் போகும் வரை அவர் நின்றார்.

இரண்டாவது, நான் மட்டும். மூன்றாவது, நானும் அன்வரும். அந்தப் படத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று இன்றைக்கும் பார்க்கலாம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன்.

"ரைட்டர் சார், இப்ப நீங்க மட்டும் எந்திரிங்க."

எழுந்தேன். அன்வர் மட்டும். நான்காவது. பிறகு கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அவரே போய் அன்வர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்தாவது. நான் முக்காலிக்குப் பக்கத்தில், கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்தேன். இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

"இப்ப நீங்க வாங்க ரைட்டர் சார்."

"எனக்கு மட்டும் எத்தன தடவைங்க?" என்றேன். "நானும் எண்ணிப் பாத்தேன். வா, போ, வா, போன்னு எனக்கு நாலு. அன்வருக்கு ரெண்டு. நீங்க ஒருக்கா வந்து உக்காந்தீங்கன்னா கடைசி வரைக்கும் எந்திரிக்கிறதே இல்ல."

"முதல்ல எழுதுன பேருதானுங்க அடிக்கடி மாறும். உங்க பேரத்தானுங்க முதல்ல எழுதுனேன்."

"எழுதியிருக்க வேண்டாம்."

"ஏப்பா, விளையாட்டுக்குப் பண்றது. வா" என்றான் அன்வர். பெஞ்சில் அவனுக்கு அந்தப் பக்கம் என் இடம் காலியாகத்தான் இருந்தது. "எஸ்டேட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அதையும் கவனித்தேன்.

அப்புறம் நான் டீயை வீட்டிலேயே குடித்தேன். "அந்தக் கட்டம்போட்ட சட்டைய ஏன் போடவே மாட்டேங்கறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். படம் எடுத்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டை. துவைத்துத் தேய்த்து, பீரோவில் தனியாக வைத்திருந்தேன். கோபம் இருந்தாலும் சட்டையை மாற்றக் கூடாது என்பது நினைவில் இருந்தது.

போட்டோக்காரர் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்துவார். "அடுத்த அடி உங்களுதுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்வர் கடைச் சுவர் அப்படியே கிடந்தது. காரை பெயர்ந்து, பாசி படர்ந்து. நோன்பு வந்தது, வெள்ளை அடிக்கவில்லை. பெருநாளுக்கு அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் புதுசாக நின்றன, இவன் கடை மட்டும் இடிந்த பங்களா மாதிரி. போட்டோக்காரரின் பிடிவாதத்துக்கு அன்வர் எப்படிக் கட்டுப்படுகிறான் பார் என்று எரிந்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் குப்பனூர்க்காரர் ஒருவர், அன்வர் கடைக்கு மிளகு போடுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏனுங்க ரைட்டரே, பாய் கடைக்கு எப்ப வெள்ளை அடிக்கறாருன்னு உங்களைத்தான் கேக்கோணுமாம்?"

"யார் சொன்னது?"

"பாயேதான். நாங்க கேலி பண்ணுனோம். போட்டோக்காரர்கூடச் சொல்லிப்போட்டாரு, பரவால்ல அடிச்சுக்குங்க, வேற எடத்துல புதுசா எடுத்துக்கலாம்னு. பாய் கேக்கோணுமே! அந்த எடத்துல ரைட்டர் வந்து உக்காராம சுவத்தத் தொட மாட்டேன்னு நிக்கறாரு."

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சுவர் அவருக்காகக் காத்திருப்பதாக நினைத்திருந்தேன். காத்திருந்தது எனக்கு.

அப்படியும் உடனே போகவில்லை. அதுதான் பொறாமையின் குணம். இளகினாலும் காலை நகர்த்தாது.

காலை நகர்த்தியது வேறு விஷயம். போட்டோக்காரரின் அம்மாவுக்கு முடியாமல்போய், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, ஸ்டூடியோவைக் காலி செய்தார். வந்த மாதிரியே ஒவ்வொன்றாக. முதலில் விளக்கு போயிற்று. மறுநாள் திரை. எஸ்டேட் ஜீப்பில் போகும்போதெல்லாம் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்டூல் ஒன்றுதான் பாக்கி என்ற அன்றைக்கு ஒன்று உறைத்தது. இவர் இப்படியே போய்விட்டால் வரிசை ஐந்தாவது படத்தோடு நின்றுவிடும். கடைசிப் படம் அவரும் அன்வரும். என்றென்றைக்கும் அவரும் அன்வரும்.

மறுநாள் காலை கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அன்வர் என்னைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். உள்ளே ஓடிப்போய் அவனும் அன்றைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான், பொத்தானை மாற்றிப் போட்டபடி. போட்டோக்காரர் முக்காலியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். மேகம் ஏறும் வரை காத்திருந்தோம்.

"ரைட்டர் சார் மட்டும்."

அன்வரின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஆறாவது, மூன்று பேரும். பிறகு அன்வரை எழுப்பினார். ஏழாவது படம் அவரும் நானும் மட்டும். நடுவில் அன்வர் இருந்த இடம் காலி. அன்வர் கேமராவுக்குப் பக்கத்தில், நான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் மூஞ்சிய என்ன இப்படி வெச்சிருக்கீங்க, பொண்ணு பாக்க வந்தாப்புல" என்றான்.

போட்டோக்காரர் கேமராவைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். "நீங்க வராத நாளெல்லாம் அவரு என்ன கேப்பாருன்னு தெரியும்ங்களா? இன்னைக்கு என்ன நாளுன்னு கேப்பாரு. எனக்கு என்ன தெரியும், செவ்வாய்க்கெழமைன்னு சொல்லுவேன். மூஞ்சி விழுந்துரும்ங்க. ரைட்டர் இருந்தா சொல்லியிருப்பான்னுவாரு. தெனமும். எனக்கு எரியும்ங்க."

திரும்பிப் பார்த்தேன். ரிமோட்டை அழுத்திவிட்டார். அந்தப் படத்தில் என் வாய் திறந்திருக்கிறது.

நான் எழுந்தேன். எட்டாவது, அவர் மட்டும். அதை எடுத்ததும் அவரும் எழுந்துவிட்டார். "அடுத்தது?" என்றான் அன்வர். "அடுத்தது காலி பெஞ்சுதானுங்ணா. அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குது" என்றார். மத்தியான பஸ்ஸில் ஸ்டூலோடு போனார்.

அந்த வாரமே சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எட்டுப் படங்களும் வரிசையாக மாட்டியிருக்கின்றன. காலையில் நான் போகும்போது பெஞ்சு காலி. நான் உட்காருவேன். அன்வர் டம்ளரோடு வருவான். இன்னைக்கு என்ன நாளு என்பான். முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. தினமும் அதற்கு மேல் போகாமல் நிம்மதியாக இருந்தது.

போன பங்குனியில் பூமழை பெய்து, மலை முழுக்கக் காப்பிப் பூ மணந்த ஒரு காலையில் அன்வர் என்னிடம் போனை நீட்டினான். "வர்றாருப்பா! அம்மாவுக்குத் தேவலையாம். பூவுல படம் எடுக்கோணுமாம். குப்பனூர் ரோட்டுல ஏறிட்டாராம்." அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு என் தேதிகளுக்கு வருவதில்லை.

சுவரைப் பார்த்தேன். மூன்றாவதுக்கு அடுத்த படத்தில் நான் இல்லை. நான் எழுந்து போனால்தான் அவர் வர முடியும் என்று அந்த வரிசை சொல்கிறது. கால் எழுந்துகொள்ளப் பார்த்தது.

அப்புறம் கணக்கு எழுதுகிற புத்தியோடு இன்னொரு முறை பார்த்தேன். மூன்றாவது படம், நானும் அன்வரும். ஆறாவது, மூன்று பேரும். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் வித்தியாசம். நடுவில் நான் எழுந்து போனதும் திரும்பி வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மூன்றிலிருந்து நேரே ஆறுக்குப் போனாலும் விதி தவறவில்லை. எழுந்து போ என்று என்னை எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

ஏரித் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அன்வர் தன் பக்கம் இடம் விட்டு நகர்ந்து உட்காரப் பார்த்தான்.

"நீ இருப்பா" என்று சொல்லி, நானே அவனை ஒட்டி நகர்ந்தேன். பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடம் வந்தது. அவன் பக்கத்தில் இல்லை. என் பக்கத்தில்.